அத்தர் கடையில் இருந்து நாடாளுமன்றம் வரை: யார் இந்த பத்ருதீன் அஜ்மல்? 10 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் தோற்றது ஏன்?

2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தபோது உங்கள் கவனம் டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் இருந்திருக்கும். அதே நாளில் அசாமின் மேற்கு முனையில் உள்ள துப்ரி தொகுதியில் ஒரு முடிவு வந்தது. காங்கிரஸ் வேட்பாளர் ரகிபுல் ஹுசைன் 14.71 லட்சம் வாக்குகள் வாங்கினார். அவரை எதிர்த்து நின்ற பத்ருதீன் அஜ்மலுக்குக் கிடைத்தது 4.59 லட்சம். வித்தியாசம் 10,12,476 வாக்குகள். அந்தத் தேர்தலில் இதைவிடப் பெரிய வித்தியாசம் இந்தூரில் மட்டும்தான்.

தோற்றவர் ஏதோ டெபாசிட்டுக்குப் போராடிய புதுமுகம் கிடையாது. 2009, 2014, 2019 என்று அதே துப்ரியில் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தவர். சொந்தமாக ஒரு கட்சி நடத்துபவர். வளைகுடா நாடுகள் வரை பரவிய வாசனைத் திரவியத் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

ஒரு வட்டாரத் தொழிலதிபர் எப்படி எம்.பி. ஆகிறார், அந்த இடத்தை எப்படி இழக்கிறார் என்று புரிந்துகொள்ள இந்தியாவில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குடும்பத் தொழில் என்ன?

'ஊத்' என்ற பெயரைத் தி.நகர், பாரிஸ் கார்னர் அத்தர் கடைகளிலோ, துபாய் போய்வந்த நண்பரிடமோ கேட்டிருப்பீர்கள். அது அரபுப் பெயர். வட இந்தியாவில் அகரு. தமிழில் இதற்கு அகில் என்று பழைய பெயரே இருக்கிறது. கூந்தலுக்கு அகில் புகை போட்டார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வகை வாசனைக் கட்டைதான்.

இந்த மரம் அசாமில் இயற்கையாக வளர்கிறது. ஆரோக்கியமான மரத்துக்கு மணம் கிடையாது. கட்டை வெளிறிப்போய், லேசாக இருக்கும். தண்டைத் துளைக்கும் பூச்சியும் அதன் வழியே நுழையும் பூஞ்சையும் தாக்கும்போது, மரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிய பகுதி கறுத்துப்போகும். அந்தக் கறுத்த பகுதிக்குத்தான் விலை. அதைச் சில்லுகளாகச் செதுக்கிப் புகை போட விற்பார்கள். மீதியை ஊறவைத்துக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுப்பார்கள். எந்த மரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல அனுபவம் வேண்டும். அளவுக்கு மீறி வெட்டியதால் காட்டில் இந்த மரம் அருகிப்போனது. இதன் சர்வதேச வர்த்தகம் 1995 முதல் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மத்திய அசாமில் உள்ள ஹோஜாய் இந்த வியாபாரத்தின் மையம். அங்கே நெல் விவசாயம் செய்துகொண்டிருந்த ஹாஜி அஜ்மல் அலி, 1950-களின் தொடக்கத்தில் மும்பைக்குப் போய் அத்தர் தொழிலைத் தொடங்கினார். அரபு வியாபாரிகள் வந்துபோகும் மும்பையில் அசாம் ஊத்துக்கு நல்ல கிராக்கி இருந்தது. வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் பெருகியபோது தொழிலும் பெருகியது. இன்றைக்கு அஜ்மல் பெர்ஃப்யூம்ஸ் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பிராண்ட். அந்த அஜ்மல் அலியின் மகன்களில் ஒருவர்தான் பத்ருதீன்.

வெறும் வியாபாரியா, மௌலானாவா?

இரண்டும்தான். அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள இந்தக் கலவை முக்கியம்.

பத்ருதீன், உத்தரப் பிரதேசத்தின் தேவ்பந்த் தாருல் உலூமில் மார்க்கக் கல்வி முடித்தவர். பின்னர் ஜமியத் உலமா-ஏ-ஹிந்த் அமைப்பின் அசாம் மாநிலத் தலைவரானார். இன்னொரு பக்கம், குடும்ப அறக்கட்டளைகள் வழியாக அசாமில் மருத்துவமனை, பள்ளிகள், கல்லூரிகள், அநாதை இல்லங்கள் எழுந்தன. ஹோஜாயில் உள்ள ஹாஜி அப்துல் மஜீத் நினைவு மருத்துவமனை அவற்றில் பெரியது. பின்னாளில் மருத்துவம், பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கு 'அஜ்மல் சூப்பர் 40' என்ற பயிற்சித் திட்டமும் வந்தது.

அரசு ஆஸ்பத்திரி எட்டாத ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரி கட்டினால், அவர் பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேரும். ஓட்டு கேட்டு வருவதற்கு முன்பே அவரை அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும். அஜ்மல் விஷயத்திலும் அதுதான் நடந்தது. கூட்டங்களில் ஜனங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்ட, அவர் ஓதி ஊதிக் கொடுப்பதும் வழக்கமானது. மூடநம்பிக்கையை வளர்க்கிறார் என்று இதற்காக விமர்சனமும் வாங்கினார்.

ஆனால் செல்வாக்கு இருக்கிற எல்லோரும் கட்சி தொடங்கிவிடுவதில்லை. அதற்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் உச்ச நீதிமன்றத்தில் இருந்து வந்தது.

2005-ல் என்ன நடந்தது?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பங்களாதேஷில் இருந்து சட்டவிரோதமாகக் குடியேறியவர்களை வெளியேற்றக் கோரி 1979 முதல் 1985 வரை அசாமில் பெரும் போராட்டம் நடந்தது. 1985 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான அசாம் ஒப்பந்தம் அதை முடித்துவைத்தது. 1971 மார்ச் 25 அன்றும் அதற்குப் பிறகும் வந்தவர்களைக் கண்டறிந்து வெளியேற்ற வேண்டும் என்று அது சொன்னது.

இதற்கு நடுவே 1983-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சட்டவிரோதக் குடியேறிகளைத் தீர்ப்பாயங்கள் மூலம் கண்டறியும் சட்டம் அது. சுருக்கமாக ஐ.எம்.டி.டி. சட்டம் என்பார்கள். நடைமுறையில் இருந்தது அசாமில் மட்டும். இதில் ஒரு முக்கியமான அம்சம் உண்டு. ஒருவரை 'நீ வெளிநாட்டவன்' என்று சொன்னால், சொன்னவர்தான் நிரூபிக்க வேண்டும். நாட்டின் மற்ற இடங்களில் அமலில் இருந்த 1946-ம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தில் இது தலைகீழ். 'நான் இந்தியன்' என்று குற்றம்சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அசாமிய அமைப்புகளுக்கு இது பெரிய குறை. குடியேறிகளைக் கண்டுபிடிக்கவே முடியாதபடி இந்தச் சட்டம் காப்பாற்றுகிறது என்றார்கள். பின்னாளில் அசாம் முதல்வரான சர்பானந்த சோனோவால் வழக்குப் போட்டார். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

இப்போது பிரம்மபுத்ரா ஆற்றுத் தீவில் வாழும் ஒரு வங்காள வம்சாவளி முஸ்லிம் குடும்பத்தின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். 'சர்' என்று சொல்லப்படும் இந்தத் தீவுகள் வெள்ளத்தில் கரையும், வேறு இடத்தில் முளைக்கும். வீடு போகும்போது காகிதமும் போகும். தாத்தா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலே சிக்கல். இனிமேல் நிரூபிக்கும் பொறுப்பு அவர்கள் தலையில். மத்தியிலும் மாநிலத்திலும் அப்போது ஆட்சியில் இருந்தது, அவர்கள் வழக்கமாக ஓட்டுப் போட்டு வந்த காங்கிரஸ். எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபம் எழுந்தது.

அந்தக் கோபத்தைக் கட்சியாக்கினார் அஜ்மல். 2005 அக்டோபரில் அசாம் ஐக்கிய ஜனநாயக முன்னணி உருவானது. 2009-ல் அதுவே அகில இந்திய ஐக்கிய ஜனநாயக முன்னணி, அதாவது ஏ.ஐ.யு.டி.எஃப். ஆனது.

"யார் அந்த பத்ருதீன்?"

2006 சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் அன்றைய முதல்வர் தருண் கோகோய் இப்படித்தான் கேட்டார். அந்தக் கேள்வி அசாம் அரசியலில் பிரபலமாகிவிட்டது.

பதில் வாக்கு எண்ணிக்கையில் வந்தது. ஆறே மாதமான கட்சிக்கு 10 இடங்கள். அஜ்மல் தெற்கு சல்மாரா, ஜமுனாமுக் என இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் ஜெயித்தார். 2001-ல் 71 இடங்கள் வைத்திருந்த காங்கிரஸ் 53-க்கு இறங்கி, கூட்டணி வைத்தே ஆட்சி அமைக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு கட்சியின் கிராஃப் எப்படிப் போனது என்று பாருங்கள்.

126 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில்:
- 2006: 10
- 2011: 18 (முக்கிய எதிர்க்கட்சி)
- 2016: 13
- 2021: 16

அசாமின் 14 மக்களவைத் தொகுதிகளில்:
- 2009: 1
- 2014: 3
- 2019: 1
- 2024: 0

2014-தான் உச்சம். துப்ரியில் பத்ருதீன், பார்பேட்டாவில் அவருடைய தம்பி சிராஜுதீன், கரீம்கஞ்சில் ராதேஷ்யாம் பிஸ்வாஸ் ஜெயித்தார்கள். அசாமில் அந்த முறை காங்கிரசுக்குக் கிடைத்ததும் மூன்று இடங்கள்தான்.

ஹோஜாய்க்காரர் ஏன் துப்ரியில் நின்றார் என்று உங்களுக்குத் தோன்றலாம். இரண்டுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர். காரணம் எளிமையானது. துப்ரி பங்களாதேஷ் எல்லையை ஒட்டிய மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே முஸ்லிம்கள் ஏறக்குறைய 80%. குடியுரிமைக் கேள்வி அன்றாடக் கவலையாக இருந்த தொகுதி அது.

அவர் மீதான விமர்சனங்கள் என்ன?

முதலாவது, மத அடிப்படையில் வாக்குகளைப் பிரிக்கிறார் என்பது. எங்கள் கட்சி எல்லாருக்கும் பொதுவானது, கரீம்கஞ்சில் நாங்கள் ஜெயிக்கவைத்தவர் ஓர் இந்து என்பது கட்சியின் பதில். ஆனால் 2022 டிசம்பரில் இந்துக்களின் திருமணம் பற்றி அஜ்மல் பேசிய பேச்சு பெரிய சர்ச்சையானது. போலீசில் புகார்கள் குவிந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார்.

இரண்டாவது, அவருடைய வளர்ச்சியால் பலனடைந்தது பா.ஜ.க. என்பது. அஜ்மல் வளர வளர, 'இவர் கையில் அசாம் போய்விடும்' என்று எதிர்த்தரப்பு வாக்குகளைத் திரட்டுவது எளிதாகிறது என்றார்கள் விமர்சகர்கள். 2016-ல் காங்கிரசும் ஏ.ஐ.யு.டி.எஃப்.பும் தனித்தனியாக நின்றன, பா.ஜ.க. முதல்முறையாக அசாமில் ஆட்சியைப் பிடித்தது. அந்தத் தேர்தலில் அஜ்மலே தெற்கு சல்மாராவில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். 2018-ல் அன்றைய ராணுவத் தளபதி பிபின் ராவத், ஜன சங்கத்தைவிட இந்தக் கட்சி வேகமாக வளர்கிறது என்று பேச, ராணுவத் தளபதி அரசியல் பேசலாமா என்ற விவாதம் கிளம்பியது.

மூன்றாவது, குடும்பக் கட்சி என்பது. தலைவர், பணம், அறக்கட்டளை, முகம் எல்லாம் ஒரே வீட்டில் இருந்து வருகிறது என்ற குறை.

அப்புறம் ஏன் சரிந்தது?

2021-ல் காங்கிரசும் அஜ்மலும் கைகோத்தார்கள். ஒருகாலத்தில் 'யார்' என்று கேட்ட கட்சியே கூட்டணிக்கு வந்தது. ஏ.ஐ.யு.டி.எஃப். 16 இடங்கள் ஜெயித்தது. ஆனால் ஆட்சி பா.ஜ.க. கூட்டணிக்கே போனது. சில மாதங்களிலேயே காங்கிரஸ் உறவை முறித்துக்கொண்டது. அஜ்மல் கட்சி பா.ஜ.க.வுக்கு மறைமுகமாக உதவுகிறது என்பது காங்கிரஸ் வைத்த குற்றச்சாட்டு. அஜ்மல் தரப்பு அதை மறுத்தது.

இதற்கு முன்பே இன்னொரு பெரிய நிகழ்வு நடந்துவிட்டது. 2019 ஆகஸ்ட் 31 அன்று தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் வெளியானது. 19,06,657 பேர் விடுபட்டார்கள். அந்த டிசம்பரிலேயே குடியுரிமைத் திருத்தச் சட்டமும் வந்தது. 2005-ல் அஜ்மலை உருவாக்கிய பயம் இப்போது பல மடங்கு ஆகியிருந்தது. அப்படியானால் அவர் இன்னும் வளர்ந்திருக்க வேண்டாமா?

நடந்தது நேர் எதிர். சிக்கல் மாநில எல்லையைத் தாண்டி டெல்லியில் முடிவாகும் விஷயமானபோது, ஒரே ஒரு எம்.பி. வைத்திருக்கும் கட்சியால் என்ன செய்ய முடியும் என்று வாக்காளர்கள் யோசித்தார்கள். மத்தியில் ஆட்சியை எதிர்க்கும் பலம் காங்கிரஸ் கூட்டணிக்குத்தான் இருக்கிறது என்ற கணக்கு 2024-ல் துப்ரியில் வேலை செய்தது.

எல்லைகளும் மாறியிருந்தன. 2023-ல் நடந்த தொகுதி மறுவரையறையில் பார்பேட்டாவில் இருந்த சில பகுதிகள் துப்ரியோடு சேர்ந்தன. வாக்காளர் எண்ணிக்கை 26 லட்சத்தைத் தாண்டியது. அதில் 90%-க்கும் மேல் வாக்குப் பதிவு. காங்கிரஸ் நிறுத்தியதும் சாதாரண ஆளை இல்லை. ரகிபுல் ஹுசைன் சாமகுரியில் ஐந்து முறை எம்.எல்.ஏ., முன்னாள் அமைச்சர்.

தொகுதியின் எல்லை மாறியதால் பழைய எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். 2019-ல் 7 லட்சத்துக்கும் மேல் வாங்கி, 2 லட்சத்துக்கும் அதிகமான வித்தியாசத்தில் ஜெயித்தவர், பெரிதாகிவிட்ட தொகுதியில் 4.59 லட்சத்துக்கு இறங்கினார். அவரை வீழ்த்தியது பா.ஜ.க. வாக்காளர்கள் என்று சொல்ல முடியாது. காங்கிரசை விட்டு அவரிடம் வந்த அதே மக்கள்தான் காங்கிரசிடமே திரும்பிப் போனார்கள். மருத்துவமனையும் கல்லூரியும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நன்றி இருக்கலாம், ஆனால் ஓட்டுக்கான காரணம் வேறு என்று துப்ரி காட்டியது.

தொழிலதிபர் எம்.பி. ஆகலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

தாராளமாக ஆகலாம். மக்களவைக்கு நிற்க 25 வயது நிரம்பிய இந்தியக் குடிமகனாக, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவராக இருந்தால் போதும். தொழில் நடத்துவது தடை இல்லை. சில நிபந்தனைகள் மட்டும் உண்டு.

- அரசு ஒப்பந்தம்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 9ஏ பிரிவு முக்கியம். மத்திய அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ, வேலை எடுத்துச் செய்யவோ ஒருவர் தன் வியாபாரத்தின் பேரில் ஒப்பந்தம் வைத்திருந்து, அது நடப்பில் இருந்தால் எம்.பி. தேர்தலில் நிற்கத் தகுதி இழப்பார்.
- ஆதாயப் பதவி: அரசிடம் ஆதாயம் தரும் பதவி வகிக்கக் கூடாது. சில பதவிகளுக்குச் சட்டப்படி விலக்கு உண்டு.
- சொத்துக் கணக்கு: வேட்புமனுவோடு படிவம் 26-ல் தன்னுடைய, மனைவி அல்லது கணவருடைய, சார்ந்திருப்பவர்களுடைய சொத்து, கடன், தன் மீதுள்ள குற்ற வழக்குகள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும்.
- செலவு வரம்பு: பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். இது 2022-ல் நிர்ணயித்த வரம்பு. கட்சி செய்யும் பொதுச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. ஓட்டை இருப்பது இங்கேதான். கட்சியும் பணமும் ஒரே கையில் இருந்தால், வேட்பாளர் செலவு எது, கட்சிச் செலவு எது என்று பிரிப்பது வெளியாட்களுக்குக் கஷ்டம்.

மாநிலங்களவையில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அளவுக்குப் பங்கு, சம்பளத்தோடு இயக்குநர் பதவி, ஆலோசகர் வேலை போன்றவற்றை உறுப்பினர்கள் ஒரு பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் தொகுதியில் ஒரு தொழிலதிபர் நின்றால் எதைப் பார்ப்பீர்கள்?

ஊரில் கல்லூரி கட்டியவர், ஆஸ்பத்திரி வைத்திருப்பவர், மில் முதலாளி என்று உங்கள் தொகுதியிலும் யாராவது வேட்பாளராக வரலாம். அப்போது மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, அவருடைய வருமானம் எங்கிருந்து வருகிறது? அரசு லைசென்ஸ், ஒப்பந்தம், நிலம் ஆகியவற்றைச் சார்ந்த தொழிலா, அல்லது அஜ்மல் குடும்பம் மாதிரி பெரும்பாலும் வெளிச்சந்தையில் விற்கும் தொழிலா? முதல் வகை என்றால் அவர் எந்தக் குழுவில் உட்காருகிறார், எந்த அமைச்சகத்திடம் கேள்வி கேட்கிறார் என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டு, நாடாளுமன்றத்தில் என்ன செய்தார்? கொடுத்த நன்கொடை வேறு, பார்த்த எம்.பி. வேலை வேறு. வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் மக்களவை இணையதளத்திலேயே இருக்கின்றன. சொத்துப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். இரண்டையும் பார்க்க அரை மணி நேரம் போதும்.

மூன்று, அவருக்குப் பிறகு அந்தக் கட்சியில் யார் இருக்கிறார்கள்? அவர் தோற்றால் அல்லது விலகினால் உங்கள் பிரச்னையை எடுத்துப் பேச ஆள் உண்டா? துப்ரிக்காரர்களுக்கு ரகிபுல் ஹுசைன் என்ற மாற்று கிடைத்தார். பதிவேட்டில் பெயர் விடுபட்டவர்களுக்கு, எம்.பி. மாறினாலும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு இன்னும் அவர்களிடமேதான் இருக்கிறது.